பழையது எது? டர்போவும் புல்லட்டும் தில்லியின் பட்பட்டியும்

சற்றே நீண்ட பதிவு இது. மொழியியல் படித்தவருக்கு மோட்டார் சைக்கிள் எஞ்சினில் என்ன வேலை என்று கேட்பவர்கள் இறுதிவரை வாசிக்க வேண்டுகிறேன்.

2024 மே மாதத்தில் ஒரு மாலை. விடுதியில் எனக்கு இளையவரான ஓர் ஆய்வு மாணவருடன் கரோல் பாக் சென்றிருந்தேன். தில்லித் தமிழர்களுக்குக் கரோல் பாக் என்றால் தமிழ்ப் பள்ளி நினைவுக்கு வரும். வடஇந்திய இளைஞர்களுக்கோ அது புல்லட் சந்தை. நண்பரிடம் இருந்தது வார்ப்பிரும்பு சிலிண்டர் கொண்ட பழைய புல்லட் 350. அதன் பதிவுக்காலமான பதினைந்து ஆண்டுகள் அந்தக் குளிர்காலத்தோடு முடிய இருந்தன. அதற்குள் ஒருமுறை லே வரை சென்று வந்துவிட வேண்டும் என்பது அவர் ஆசை. மலையில் எஞ்சின் திணறும் என்று பலரும் எச்சரித்திருந்ததால், ‘இதற்கு டர்போ பொருத்த முடியுமா?’ என்று மெக்கானிக்கிடம் கேட்டார். அந்த முதியவர் சிரித்தார். ‘பேட்டா, இது பழைய எஞ்சின். அது புதிய சாமான். இரண்டும் ஒட்டாது’ என்றார்.

அவருடைய தொழில்முடிவு பெரும்பாலும் சரியானது. அதற்கு அவர் சொன்ன காரணம்தான் வரலாற்றுப்படி தவறு. டர்போ புல்லட்டைவிட வயதில் மூத்தது. இவ்வளவு எளிய காலவரிசை நம் எல்லோருடைய மனத்திலும் ஏன் தலைகீழாகப் பதிந்திருக்கிறது என்பதே இப்பதிவின் கேள்வி.

1. தேதிகள்

சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரெட் பூக்கி, எஞ்சினிலிருந்து வீணாக வெளியேறும் புகையைக் கொண்டு ஒரு சக்கரத்தைச் சுழற்றி, அதே அச்சில் அமைந்த மற்றொரு சக்கரத்தால் காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் திணிக்கும் கருத்துக்குக் காப்புரிமை பெற்ற ஆண்டு 1905. இங்கிலாந்தின் ரெட்டிச் நகரில் ‘புல்லட்’ என்ற பெயரில் முதல் மோட்டார் சைக்கிள் வெளிவந்தது 1932-இல். நாம் இன்று புல்லட் என்று அடையாளம் காணும் வடிவம் போருக்குப் பிந்தியது. இந்திய அரசு 1954-இல் 350 சிசி புல்லட்டுகள் 800-க்கு ஆணையிட, 1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸுடன் இணைந்து என்ஃபீல்டு இந்தியா நிறுவனம் உருவாயிற்று. திருவொற்றியூரில் தொழிற்சாலை எழுந்தது. தில்லி ஆணையிட்டது, சென்னை செய்தது.

ஆக, டர்போ என்ற கருத்து புல்லட் என்ற பெயரைவிட 27 ஆண்டுகள் மூத்தது. அது வெறும் காகிதக் கருத்தாகவும் இருந்துவிடவில்லை. 1918-இல் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தின் சான்ஃபோர்டு மாஸ், ‘லிபர்ட்டி’ விமான எஞ்சினொன்றை அமெரிக்காவின் பைக்ஸ் பீக் மலையுச்சிக்கு, ஏறத்தாழ 14,000 அடி உயரத்திற்கு, கொண்டு சென்று டர்போவைச் சோதித்தார். உயரம் ஏற ஏறக் காற்று மெலிகிறது, எஞ்சின் வலுவிழக்கிறது, டர்போ அந்த இழப்பை ஈடுசெய்கிறது என்பதை அச்சோதனை மெய்ப்பித்தது. 1920களின் நடுவில் பூக்கியின் முறை கப்பல்களின் டீசல் எஞ்சின்களுக்கு வந்தது. இரண்டாம் உலகப் போரில் பி-17 போன்ற குண்டுவீச்சு விமானங்கள் டர்போவின் துணையால்தான் மிக உயரத்தில் பறந்தன.

லே செல்ல விரும்பிய நண்பரின் கேள்வியும் பைக்ஸ் பீக்கில் கேட்கப்பட்ட கேள்வியும் ஒன்றே என்பதைக் கவனியுங்கள். இதற்குப் பின்னர் திரும்பி வருகிறேன்.

2. சொல்

‘டர்போ’ என்பது லத்தீனில் சுழற்காற்றையும் பம்பரத்தையும் ஒருங்கே குறித்த சொல். அதிலிருந்து ‘டர்பைன்’ என்ற சொல்லை 1822-இல் பிரெஞ்சுப் பொறியாளர் குளோட் பியூர்தென் ஆக்கினார். விமானத்துறையினர் ‘டர்போசூப்பர்சார்ஜர்’ என்ற நெடுஞ்சொல்லை வழங்கினர். அது ‘டர்போசார்ஜர்’ ஆகி, பேச்சில் ‘டர்போ’ என்று நின்றது. இவ்வாறு குறுகிய சொற்கள் தம் வரலாற்றை உதிர்த்துவிட்டு இளமையான தோற்றம் பெறுவது மொழிகளில் இயல்பு.

1980களில் கார்களும் மோட்டார் சைக்கிள்களும் இச்சொல்லைப் பக்கவாட்டில் பொறித்துக்கொண்டு வந்தபோது, அது ஒரு கருவியின் பெயர் என்ற நிலையிலிருந்து ‘வேகம்’, ‘புதுமை’ என்பவற்றின் அடைமொழியாக மாறியது. நம் லாரிகளின் முகப்பில் எழுதப்படும் ‘டர்போ’வையும் அந்த வரிசையில் வைக்கலாம். 1905-ஆம் ஆண்டின் கருவிக்கு 1980களின் பிறந்தநாள் சூட்டப்பட்டது இப்படித்தான். கரோல் பாக் முதியவர் ‘புதிய சாமான்’ என்றபோது அவர் காலவரிசையைச் சொல்லவில்லை. சொல்லின் இந்த இரண்டாம் பிறப்பைத்தான் சொன்னார்.

தொழில்நுட்ப வரலாற்றாசிரியர் டேவிட் எட்ஜர்டன் ‘தி ஷாக் ஆஃப் தி ஓல்டு’ (2006) என்ற நூலில், நாம் எழுதுவதெல்லாம் கண்டுபிடிப்புகளின் வரலாறே, பயன்பாட்டின் வரலாறு இன்னும் எழுதப்படவில்லை என்று வாதிட்டார். பயன்பாட்டை முன்வைத்தால் ‘பழையது–புதியது’ என்ற வரிசை குலைந்துவிடும். பழைய எஞ்சினில் டர்போ பொருத்தும் வரலாறு அவ்வாதத்தைச் சோதித்துப் பார்க்க ஏற்ற களம்.

3. ஒரு போர், இரண்டு உபரிகள்

இரண்டாம் உலகப் போருக்கென ஹார்லி டேவிட்சன் நிறுவனம் தயாரித்த டபிள்யூ.எல். வரிசை ராணுவ மோட்டார் சைக்கிள்கள் ஏறத்தாழ 90,000. சுமார் 740 சிசி கொண்ட இரட்டைச் சிலிண்டர் எஞ்சின். தரங்குறைந்த பெட்ரோலிலும் ஓட வேண்டும் என்பதற்காக அழுத்த விகிதம் ஐந்தை ஒட்டி மிகத் தாழ்வாக வைக்கப்பட்டிருந்தது. போர் முடிந்ததும் இவை உலகெங்கும் உபரிச் சரக்காயின.

அமெரிக்காவில் போரிலிருந்து திரும்பிய இளைஞர்கள் உபரிகளை வேகத்திற்குப் பயன்படுத்தினர். போர் விமானத்தின் கூடுதல் எரிபொருள் தொட்டிக்குள் கார் எஞ்சினை வைத்து 1946-இல் பில் பர்க் ஒரு பந்தய வண்டியை உருவாக்கினார். 1949-இல் யூட்டா மாநிலத்தின் பான்வில் உப்புப் படுகையில் ‘வேக வாரம்’ தொடங்கியது. நேர்கோட்டில் எவ்வளவு வேகம் என்ற ஒற்றைக் கேள்விக்கான உலகப் புகழ்பெற்ற களம் இன்றும் அதுவே.

அதே போரின் உபரி தில்லிக்கும் வந்தது. இங்கு உப்புப் படுகை இல்லை, பிரிவினை இருந்தது. மேற்குப் பஞ்சாபிலிருந்து வந்து கரோல் பாக் முதலிய பகுதிகளில் குடியேறிய அகதிகளுக்கு உடனடியாக ஒரு பிழைப்பு தேவைப்பட்டது. ராணுவ ஹார்லிகளின் பின்சக்கரத்தைக் கழற்றி, இரு சக்கரங்கள் கொண்ட பெட்டியை இணைத்து, நான்கு முதல் ஆறு பேர் அமரும் பங்கு வாடகை வண்டியாக மாற்றினர். கன்னாட் பிளேஸையும் பழைய தில்லியையும் கரோல் பாக்கையும் இணைத்து அவை ஓடின. மக்கள் அவற்றின் ஒலியையே பெயராக்கினர்: இந்தியில் ‘ஃபட்ஃபட்டியா’, நம் காதுக்குப் பட்பட்டி.

இலக்கண மாணவர்கள் இங்கே சற்று நிற்கலாம். ஒலிக்குறிப்பு இரட்டித்து வரும்போது பிரித்தால் பொருள் தராது என்பது நம் இரட்டைக்கிளவி இலக்கணம். ‘படபட’, ‘தடதட’ என்பவற்றில் ஒரு பாதியை நீக்கினால் சொல் இறந்துவிடும். பட்பட்டியும் அப்படிப்பட்ட பெயர். எஞ்சினின் ஒவ்வொரு வெடிப்பும் தனித்தனியே காதில் விழுந்ததால் பிறந்த பெயர்.

ஹார்லி உதிரிப்பாகங்கள் கிடைக்காமல் போன காலத்தில் நீரிறைக்கும் டீசல் எஞ்சின்களை அவ்வண்டிகளில் பொருத்தினர். முன்பகுதி ஹார்லி, நெஞ்சம் பம்புசெட், முதுகு உள்ளூர்த் தச்சுவேலை. 1998 ஜூலை 28 அன்று தில்லியின் காற்றுமாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் பிறப்பித்த ஆணையைத் தொடர்ந்து அவை தெருவிலிருந்து நீங்கின. அவற்றின் தடங்களில் வேன்கள் வந்தன. அந்த வேன்களின் மீதும் ‘ஃபட்ஃபட் சேவா’ என்றே எழுதப்பட்டது. ஒலி போய்விட்டது, ஒலியால் பிறந்த பெயர் மட்டும் ஓடிக்கொண்டிருக்கிறது.

பான்வில்லில் உபரி வேகமாயிற்று. தில்லியில் உபரி சோறாயிற்று. இரண்டுமே பழைய எஞ்சினைத் தயாரிப்பாளர் நினைத்திராத வேலைக்கு உட்படுத்தியவை. ஒன்றைப் ‘பொறியியல்’ என்றும் மற்றொன்றை ‘ஜுகாட்’ என்றும் பிரிக்கும் நம் வழக்கம் மறுபரிசீலனைக்கு உரியது.

4. உப்பு மேல் பழைய எஞ்சின்

காற்றை அழுத்தித் திணிக்கும் முறை மோட்டார் சைக்கிள் பந்தயத்தில் புதிதன்று. 1937-இல் ஜெர்மானியர் எர்ன்ஸ்ட் ஹென்னே, எஞ்சினின் சுழல் தண்டாலேயே இயக்கப்படும் சூப்பர்சார்ஜர் பொருத்திய 500 சிசி பி.எம்.டபிள்யூவில் மணிக்கு 279.5 கி.மீ. வேகத்தை எட்டினார். போருக்குப் பின் 1946-இல் பன்னாட்டு மோட்டார் சைக்கிள் சம்மேளனம் சாலைப் பந்தயங்களில் இம்முறையைத் தடை செய்தது. அத்தடைக்குப் பின் இக்கலைக்குப் புகலிடமாக எஞ்சிய முதன்மையான களம் நேர்கோட்டு வேகச் சாதனை. வில்ஹெல்ம் ஹெர்ட்ஸ் 1956-இல் சூப்பர்சார்ஜர் கொண்ட என்.எஸ்.யூ. 500 சிசி எஞ்சினுடன் பான்வில்லில் மணிக்கு 339 கி.மீ. கண்டார். தடை ஓர் அறிவை அழிக்கவில்லை. ஓர் உப்புவெளிக்கு நாடு கடத்தியது.

அந்த உப்புவெளியில் பழமைக்கு இருந்த மதிப்பைப் புரிந்துகொள்ள பர்ட் மன்ரோவை நினைக்க வேண்டும். நியூசிலாந்துக்காரரான அவர் 1920-ஆம் ஆண்டின் ‘இந்தியன் ஸ்கவுட்’ வண்டியைப் பல பத்தாண்டுகள் மாற்றி மாற்றி அமைத்து, பிஸ்டன்களைத் தாமே வார்த்து, 1967-இல் மணிக்கு 184 மைல் வேகத்தில் ஓட்டினார். டர்போவோ சூப்பர்சார்ஜரோ அவ்வண்டியில் இல்லை. 600 சிசியாகப் பிறந்த எஞ்சின் அவர் கையில் 950 சிசியாக வளர்ந்திருந்தது. பெயரில் உள்ள ‘இந்தியன்’ அமெரிக்க நிறுவனத்தினுடையது என்றாலும், அதே நிறுவனத்தின் போர்க்கால வண்டிகளும் தில்லியில் பட்பட்டிகளாக ஓடின. சொல்லின் விளையாட்டு சில வேளைகளில் வரலாற்றின் விளையாட்டாகவும் அமைந்துவிடுகிறது.

டர்போ தெரு மோட்டார் சைக்கிளுக்கு வந்த விதமும் சுவையானது. 1972-இல் அறிமுகமான கவாசாகி இசட்1 வழிவந்த எஞ்சினில் வெளியார் தயாரித்த டர்போ கருவியைப் பொருத்தி, 1978-இல் ‘இசட்1ஆர்-டிசி’ என்ற வண்டி அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. தொழிற்சாலை உத்தரவாதம் கிடையாது. அவ்வெஞ்சினின் கிராங்க் ஷாஃப்ட் பல துண்டுகளை அழுத்திப் பொருத்தியது. டர்போவின் விசையில் அத்துண்டுகள் ஒன்றன்மேல் ஒன்று திருகிக்கொள்ளும். ஆகவே டர்போ பொருத்துவோர் முதலில் கிராங்கைப் பிரித்து மூட்டுகளைப் பற்றவைத்தனர். இதில் ஒரு பொதுவிதி தெரிகிறது: டர்போ எஞ்சினுக்கு வலுவைத் தருவதற்கு முன் அதன் மிக நலிந்த மூட்டு எதுவென்று காட்டிக்கொடுத்துவிடும்.

அதன்பின் ஜப்பானியத் தொழிற்சாலைகளே முன்வந்தன: 1982-இல் ஹோண்டா சிஎக்ஸ்500 டர்போ, யமஹா எக்ஸ்ஜே650 டர்போ, தொடர்ந்து சுசுகி எக்ஸ்என்85, கவாசாகி 750 டர்போ. எடை, விலை, முறுக்கிய பின் விசை வரும்வரை காத்திருக்கும் தாமதம் ஆகியவற்றால் 1980களின் நடுவிலேயே இவ்வகை முடிந்தது. ஆனால் ஒரு விவரம் நமக்கு முக்கியம். சாதாரண சிஎக்ஸ்500 எஞ்சினின் அழுத்த விகிதம் 10. டர்போவுக்காக ஹோண்டா அதை 7.2 ஆகத் தாழ்த்தியது. திணிக்கப்பட்ட காற்று முன்பே அழுத்தப்பட்டிருப்பதால், உள்ளே மேலும் மிகுதியாக அழுத்தினால் எரிபொருள் தானே வெடித்துப் பிஸ்டனைத் துளைத்துவிடும். நம் வார்ப்பிரும்பு புல்லட்டின் அழுத்த விகிதமோ பிறப்பிலேயே ஏழை ஒட்டியது. நவீனத் தொழிற்சாலை பாடுபட்டு இறங்கிவந்த இடத்தில் பழைய எஞ்சின் முன்பே உட்கார்ந்திருந்தது!

உப்புவெளியில் மட்டும் டர்போ ஓயவே இல்லை. 2010-இல் ராக்கி ராபின்சன் ஓட்டிய ‘அக் அட்டாக்’, இரு சுசுகி ஹயபுசா எஞ்சின்களும் டர்போவும் கொண்டு, இரு திசை ஓட்டங்களின் சராசரியாக மணிக்கு 376 மைல், அதாவது 605 கி.மீ.க்கு மேல் சென்றது. 2018-இல் சென்னை ராயல் என்ஃபீல்டின் 650 சிசி இரட்டைச் சிலிண்டர் வண்டியும் அங்கே சென்று, பதினெட்டு வயதுக் கேலா ரிவாஸின் கையில் மணிக்கு 150 மைலைத் தாண்டியது. பழைய தோற்றமும் புத்தம்புதிய எஞ்சினும் கொண்ட வண்டி அது. ‘பழையது’ என்பது இப்போது ஒரு வடிவமைப்புத் தேர்வு.

5. புல்லட்டின் மூச்சு

இனி நண்பரின் கேள்விக்கு வருவோம். பழைய புல்லட்டில் டர்போ பொருத்துவது ஏன் கடினம்?

முதலாவது, ஒற்றைச் சிலிண்டர். நான்கு வீச்சு எஞ்சினில் இரு சுழற்சிக்கு ஒருமுறையே புகை வெளியேறுகிறது. நிமிடத்திற்கு 3,000 சுழற்சியில் ஓடும் புல்லட் நொடிக்கு 25 முறை ஊதுகிறது. அதே வேகத்தில் நான்கு சிலிண்டர் எஞ்சின் 100 முறை ஊதும். டர்போ சக்கரம் நிமிடத்திற்கு ஒரு லட்சத்திற்கும் மேற்பட்ட சுழற்சியை எட்ட வேண்டியது. விட்டுவிட்டு ஊதினால் அது ஏறுவதும் தளர்வதுமாக இருக்கும். ஆகவே அழுத்திய காற்றைத் தேக்கிவைக்க இடையில் ஓர் அறை வேண்டும். இரண்டாவது, அவ்வளவு வேகத்தில் சுழலும் தண்டின் தாங்கிக்கு இடையறாத எண்ணெய் அழுத்தம் வேண்டும். பழைய புல்லட்டின் எண்ணெய்ப் பம்பு அதற்காக அமைந்ததன்று. மூன்றாவது, கனெக்டிங் ராடின் பெருமுனை ஒரு மிதக்கும் புஷ்ஷின் மீது இயங்குகிறது; கிராங்க்கும் துண்டுகளை அழுத்திப் பொருத்தியதே. நான்காவது, தொட்டியிலிருந்து பெட்ரோல் தன் எடையாலேயே கார்பரேட்டருக்கு இறங்குகிறது. கார்பரேட்டருக்குள் அழுத்தக் காற்றை ஊதினால் பெட்ரோல் இறங்காது, தனிப்பம்பு தேவைப்படும். கார்பரேட்டரை டர்போவுக்கு முன்னால் வைத்தால் இச்சிக்கல் தீரும். ஆனால் கலவை செல்லும் வழி நீண்டு, கைமுறுக்கலுக்கு எஞ்சின் தாமதித்தே செவிசாய்க்கும். ஐந்தாவது, காற்றால் குளிரும் வார்ப்பிரும்பு. பான்வில்லில் எஞ்சின் சில நிமிடம் உயிரோடு இருந்தால் போதும். ரிங் ரோட்டின் ஜூன் மாத நெரிசலில் அது மணிக்கணக்கில் இருந்தாக வேண்டும்.

நேர்கோட்டுப் பந்தயத்திற்கும் தெருவுக்கும் உள்ள அடிப்படை வேறுபாடு வேகத்தில் இல்லை. எஞ்சினுக்கு விதிக்கப்படும் ஆயுளில் இருக்கிறது. ஆகவே முதியவரின் ‘ஒட்டாது’ என்ற முடிவு தெருவைப் பொறுத்தவரை நியாயமானது.

ஆனால் மலையைப் பொறுத்தவரை? கார்துங் லா கணவாய் 5,359 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் ஏறத்தாழப் பாதி. தில்லியில் 18 குதிரைத்திறன் தரும் எஞ்சின் அங்கே பாதிக் காற்றை மட்டுமே பெறுகிறது. பெட்ரோலோ பழைய அளவில் வந்து கரும்புகையாகிறது. கார்பரேட்டரில் சிறிய ஜெட் போட்டுப் பெட்ரோலைக் குறைப்பது மெக்கானிக்குகள் அறிந்த வழி. அது கலவையைச் சரிசெய்யும். இழந்த காற்றைத் திருப்பித் தராது. அங்கே காற்றை இருமடங்கு அழுத்தும் டர்போ ஒன்று இருந்தால் எஞ்சின் உணர்வது தில்லியின் காற்றழுத்தத்தையே. அழுத்துவதால் காற்றில் ஏறும் வெப்பம் நீங்கலாக, கிராங்க்கோ புஷ்ஷோ அவை அறியாத சுமை எதையும் சந்திக்காது.

1918-இல் மாஸ் மலையேறியது இதற்காகத்தான். டர்போ முதலில் இழந்த மூச்சைத் திருப்பித் தரும் கருவியாக இருந்தது. பின்னரே இல்லாத வலுவைக் கூட்டும் கருவியாயிற்று. முதற்பயன் பழைய எஞ்சினுக்குப் பரிவானது. இரண்டாம் பயன்தான் அதை உடைப்பது. நம் பேச்சில் நிலைத்ததோ இரண்டாம் பயன் மட்டும்.

6. விசையும் ஓசையும்

அரிதான தனிமனித முயற்சிகள் நீங்கலாக, கரோல் பாக்கில் புல்லட்டுக்கு டர்போ கேட்டு எவரும் வருவதில்லை. வருபவர்கள் கேட்பது சைலன்சர். பட்டாசுபோல் வெடிக்கும் ‘பட்டாக்கா’ சைலன்சர்கள் சட்டத்திற்குப் புறம்பானவை என்று தெரிந்தும், போக்குவரத்துக் காவலர்கள் தண்டம் விதித்தும், அவற்றுக்கு ஆசைப்படுவோர் குறையவில்லை.

இதைப் பண்பாட்டுச் சிறுமை என்று ஒதுக்குவது எளிது. இயற்பியலைக் கொண்டு பார்த்தால் வேறொன்று புலப்படும். எஞ்சினிலிருந்து வெளியேறும் புகைத்துடிப்பில் ஆற்றல் மிச்சம் இருக்கிறது. டர்போ அத்துடிப்பை உண்டு காற்றழுத்தமாக மாற்றுகிறது. அதனால்தான் டர்போ பொருத்திய எஞ்சினின் ஒலி மழுங்குகிறது. திறந்த சைலன்சர் அதே துடிப்பைத் தெருவுக்கு விட்டுவிடுகிறது. ஒரே மிச்சத்திற்கு இரு பயன்கள்: ஒன்று விசை, மற்றொன்று ஓசை. வேகமாய் ஓட இடமே இல்லாத நகரம் ஓசையைத் தேர்ந்தது. டர்போ பொருத்திய புல்லட் வேகமாகச் செல்லக்கூடும். ஆனால் பட்பட்டி என்ற பெயருக்கு அதற்கு உரிமை இராது.

7. பதினைந்துக்கும் ஐம்பதுக்கும் இடையில்

பதினைந்து ஆண்டு கடந்த வண்டிகள் தில்லிச் சாலைகளில் ஓடக்கூடாது என்று 2014 நவம்பரில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் ஆணையிட்டது. 2018 அக்டோபரில் பெட்ரோல் வண்டிக்குப் பதினைந்து, டீசலுக்குப் பத்து என்ற வரம்பை உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. 2025 ஜூலையில் அத்தகைய வண்டிகளுக்கு எரிபொருளே வழங்கக்கூடாது என்ற நடவடிக்கை தொடங்கிச் சில நாள்களில் நிறுத்திவைக்கப்பட்டது. மறுபுறம், ஐம்பது ஆண்டு கடந்து, எஞ்சினிலோ சட்டகத்திலோ உடற்கூட்டிலோ பெரிய மாற்றம் செய்யப்படாத வண்டியைத் ‘தொன்மை வாகனம்’ என்று பதிவுசெய்ய 2021 ஜூலையில் மத்திய அரசு விதி வகுத்தது. இதற்கிடையில் 2019 ஜனவரியில், தயாரிப்பாளரின் விவரக்குறிப்புக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்பதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவைக் கொண்டு உச்ச நீதிமன்றம் வலியுறுத்தியது.

இவற்றைச் சேர்த்து வாசித்தால், பழைய எஞ்சினுக்குத் தில்லியில் இரு நிலைகளே உள்ளன: கழிவு அல்லது காட்சிப்பொருள். இடையிலுள்ள முப்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பெயரில்லை. மாற்றியமைக்கப்பட்ட எஞ்சினுக்கு எந்த வயதிலும் பெயரில்லை. மன்ரோவின் வண்டி இங்கு பிறந்திருந்தால் அது கழிவாகவும் முடியாது, தொன்மையாகவும் முடியாது.

இதைச் சொல்லும்போது நவம்பர் மாதத் தில்லியில் மூச்சுத்திணறி எழுந்த காலைகளை நான் மறக்கவில்லை. எஞ்சினின் மூச்சைவிடக் குழந்தைகளின் மூச்சு பெரிது. பழைய எஞ்சின்கள் தெருவை விட்டு நீங்க வேண்டியது நியாயமே. ஆனால் தெருவிலிருந்து நீக்குவதும் அறிவுலகிலிருந்து நீக்குவதும் ஒன்றல்ல. பட்பட்டிகள் 1998-இல் நீங்கியபோது, ஹார்லியின் உடலில் பம்புசெட்டை இணைத்த கைகளின் அறிவை, அவர்கள் அதற்குப் பயன்படுத்திய சொற்களை, யார் முறையாகப் பதிந்தோம்? கரோல் பாக்கில் இன்று எழுபதை நெருங்கும் மெக்கானிக்குகள், எஞ்சின் ஓசையைக் கேட்டே எந்தப் புஷ் தேய்ந்தது என்று சொல்பவர்கள். அந்த ஒலிகளுக்குப் பஞ்சாபியிலும் இந்தியிலும் அவர்களிடம் தனித்தனிப் பெயர்கள் உண்டு. அச்சொற்களின் ஆயுளும் வண்டியின் பதிவுச் சான்றோடு முடிய வேண்டியதில்லை.

நண்பர் டர்போ இல்லாமலேயே லே சென்று வந்தார். ஜெட் மாற்றினார், கார்துங் லாவில் கடைசி இரண்டு கிலோமீட்டரை முதல் கியரிலேயே கடந்ததாகச் சொன்னார். டிசம்பரில் தடையின்மைச் சான்று பெற்று, பெட்ரோலை வடித்து, கோணி சுற்றி, வண்டியைச் சென்னைக்கு ரயிலில் ஏற்றினோம். திருவொற்றியூரில் பிறந்தது அங்கேயே திரும்பிற்று. தமிழ்நாட்டில் தகுதிச் சோதனைக்கு உட்பட்டுப் பதிவைப் புதுப்பித்து அது இன்னும் ஓடலாம். தில்லியில் இறந்த வண்டி சென்னையில் உயிரோடிருக்கிறது என்றால், பழையது என்பது எஞ்சினின் இயல்பு அன்று என்பதற்கு இதைவிட வேறு சான்று எதற்கு?

மொழியியல், வரலாறு, பொறியியல் மாணவர்கள் இணைந்து மெக்கானிக்குகளின் கலைச்சொற்களையும் ஒலிப்பெயர்களையும் பதிவுசெய்யும் சிறு முயற்சியொன்றைத் தொடங்கலாம் என்று எண்ணுகிறேன். கோவை, மதுரை, சென்னைப் பட்டறைச் சொற்களைத் திரட்டத் தொடங்கியிருப்பவர்கள் இருந்தால் தெரிவியுங்கள். தரவுப் பிழை எதையேனும் கண்டால் சுட்டுங்கள், திருத்திக்கொள்கிறேன்.